முதல் தாம்பூலம் யாருக்கு? மேல்சித்தாமூரும் அயலில் வாழ்வோரின் ஊர் வேலைகளும்

லண்டனில் டிசம்பர் மாதம் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது போய்விடும். ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும் என்று வளர்க்கப்பட்ட தமிழ்ச் சமணர் ஒருவர் அங்கே வேலைக்குப் போனால், முதல் குளிர்காலத்திலேயே இந்தக் கணக்கு இடிக்கத் தொடங்கும். அலுவலகத்தில் உட்கார்ந்தபடி மூன்றரை மணிக்கு இரவுச் சாப்பாடு சாப்பிடுவதா, ஊரில் பழகிய ஆறு மணியைக் கடிகாரத்தில் பார்த்துக்கொள்வதா? திண்டிவனம், செஞ்சிப் பக்கத்தில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே ஆண்டு முழுவதும் ஐந்தரைக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில்தான் சூரியன் மறைகிறது.

அடுத்தது திதி. அட்டமியும் சதுர்த்தசியும் சமணருக்கு நோன்பு நாட்கள். சூரியன் உதிக்கும்போது நடப்பில் இருக்கும் திதியே அந்த நாளின் திதி என்பது பஞ்சாங்கத்தின் பொது வழக்கு. நியூயார்க்கில் சூரியன் உதிக்கும்போது இங்கே நண்பகல் கடந்திருக்கும். அதற்குள் திதி மாறியிருக்கலாம். எந்த ஊர்ச் சூரியனை நம்புவது? நாட்காட்டியில் விடை கிடைக்காதபோது வீட்டுக்குத் தொலைபேசி போகிறது: “அம்மா, சதுர்த்தசி இன்னிக்கா, நாளைக்கா?”

அயல்நாட்டில் வாழ்பவருக்கும் ஊருக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஏக்கத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். ஏக்கம் உண்மைதான். ஆனால் அந்த உறவை ஆண்டுக்கணக்கில் அறுந்துபோகாமல் வைத்திருப்பவை இதுபோன்ற சில்லறை வேலைகள்: திதி கேட்பது, பணம் அனுப்புவது, பட்டா மாற்றுவது, உயிர்ச் சான்று வாங்குவது, தேருக்கு வந்துபோவது. இவற்றில் எதைத் தொலைவிலிருந்தே முடிக்கலாம், எதற்கு ஊரில் ஓர் ஆள் வேண்டும், எதற்குத் தானே வந்து நிற்க வேண்டும் என்று பிரித்துப் பார்த்தால், ஊர் என்பது ஒருவரை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்பது தெளிவாகும். அப்படிப் பார்க்க மேல்சித்தாமூரைவிடப் பொருத்தமான ஊர் குறைவு.

புலம்பெயர்ந்த மடம்

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் இருக்கிறது மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இங்குதான் உள்ளது. மடாதிபதி எவராயினும் லட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டப்பெயரையே தாங்குகிறார். ஊரில் பார்சுவநாதர் கோயிலும், பாறையில் தீர்த்தங்கரர்களும் பாகுபலியும் இயக்கி அம்பிகையும் புடைப்புச் சிற்பங்களாக நிற்கும் மலைநாதர் கோயிலும் இருக்கின்றன. பாறைச் சிற்பங்கள் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கருதப்படுகின்றன. மடத்தில் ஓலைச்சுவடிகளும் உண்டு.

மடத்தின் பெயரைக் கவனிக்க வேண்டும். மேல்சித்தாமூரில் இருந்தாலும் அதன் பெயர் ஜினகாஞ்சி மடம். ஜினகாஞ்சி என்பது காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம். மடம் அங்கிருந்து இங்கே வந்தது. வந்த பிறகும் விட்டுவந்த ஊரின் பெயரையே வைத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தார் டொராண்டோவில் திறந்த கடைக்கு ஊர்ப்பெயர் வைப்பதற்கும் இதற்கும் மனநிலையில் பெரிய வேறுபாடு கிடையாது. தமிழ்ச் சமணர் இன்று தாய்வீடாகக் கருதும் இடமே ஒரு காலத்தில் குடிபெயர்ந்து வந்ததுதான்.

இந்தப் பகுதியின் சமணம் மடத்தைவிட மிகப் பழையது. செஞ்சிக்கு அருகில் திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் கல்வெட்டும் அங்கே உண்டு. நயினார் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணர் செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வட்டாரங்களின் சிற்றூர்களில் நிலம் வைத்துப் பயிர் செய்து வாழ்ந்தவர்கள். சமண நூல்களைப் பதிப்பித்தும் ஆங்கிலத்தில் விளக்கியும் புகழ்பெற்ற பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் திண்டிவனம் பக்கத்து வீடூரைச் சேர்ந்தவர். படிப்பும் வேலையும் அவர் தலைமுறையிலேயே ஊரைவிட்டுக் கிளப்பத் தொடங்கிவிட்டன. இன்று ஒரே குடும்பத்தின் கிளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அயல்நாடுகளிலுமாகப் பரவிக் கிடப்பது சாதாரணம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர் ஏறத்தாழ 89,000 பேர். இதில் வடக்கிலிருந்து வந்து குடியேறிய வணிகக் குடும்பங்களும் அடங்கும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இதில் ஒரு பகுதியே. இவ்வளவு சிறிய சமூகம் சிதறினால், போன இடத்தில் தன் ஆட்களைத் தேடிப்பிடிப்பது கடினம். வட அமெரிக்கச் சமணச் சங்கங்களின் கூட்டமைப்பு 1981இல் உருவானது. இங்கிலாந்தின் லெஸ்டரில் 1988இல் சமணக் கோயில் நிறுவப்பட்டது. இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் குஜராத்தியும் இந்தியும்தான் பேச்சுமொழி. தமிழ்ச் சங்கத்துக்குப் போனால் மொழி கிடைக்கும், சமயம் கிடைக்காது. சமணக் கோயிலுக்குப் போனால் சமயம் கிடைக்கும், மொழி கிடைக்காது. இரண்டும் சேர்ந்து கிடைக்க, ஊருக்குத்தான் பேச வேண்டும்.

அழைத்துவரப் போனவர்

1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியரில் ஒரு செவிவழிக் கதை பதிவாகியிருக்கிறது. 1478 வாக்கில் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்பவன் சமணர்மேல் கடும் வன்முறையை ஏவினான். பலர் கொல்லப்பட்டனர், சிலர் மதம் மாறினர், சிலர் ஊரைவிட்டு ஓடினர். திண்டிவனத்துக்கு அருகில் வேலூர் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஒருவர் தப்பிச் சிரவணபெளகொளாவுக்குப் போய்த் துறவு பூண்டு வீரசேனர் ஆனார். தாயனூரைச் சேர்ந்த காங்கேய உடையார் உடையார்பாளையத்தில் அடைக்கலம் பெற்றார். நிலைமை தணிந்ததும் அவர் தேடிப்போய் வீரசேனரை அழைத்துவந்தார். சிதறியவர்கள் மீண்டும் சமணத்துக்குத் திரும்பினர். அந்த நன்றிக்காகத் தாயனூர்க் குடும்பத்தாருக்குச் சமணர் கூடும் இடத்தில் முதல் தாம்பூலம் கொடுக்கும் மரியாதை ஏற்பட்டது என்கிறது கதை.

இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு பிற்காலத்து நினைவு என்பது ஆய்வாளர்களுக்கான வேலை. நமக்கு முக்கியமானது அதன் முடிவு. துறவியாகிப் புகழ்பெற்றவரோடு கதை நின்றுவிடவில்லை. வழி கேட்டு, நடந்து போய், பேசி, கூட்டிவந்த ஆளையும் அந்தச் சமூகம் நினைவில் வைத்தது. முதல் வெற்றிலை அவர் வீட்டுக்குப் போனது.

பணம் போகும் வேகம்

தொலைவிலிருந்தே முடிக்கக்கூடிய வேலைகளில் முதலாவது பணம் அனுப்புவது. இந்திய அஞ்சல் துறை மணியார்டரைத் தொடங்கியது 1880இல். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து ரூபாயை எண்ணிக் கொடுப்பதும், படிவத்தின் கீழ்த்துண்டில் எழுதிய இரண்டு வரியைப் படித்துக் காட்டுவதும் ஒரே நிகழ்ச்சியாக இருந்த காலம் அது. பணமும் செய்தியும் சேர்ந்தே வந்தன. தந்தி 2013 ஜூலையோடு நின்றது. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துகளைக் கைபேசி விழுங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் 2015இல் நடத்தப்பட்ட புலப்பெயர்வு ஆய்வு, ஏறத்தாழ 22 லட்சம் பேர் அயல்நாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் அதிகம் பேர் சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் இருந்தனர். ரிசர்வ் வங்கியின் 2023-24ஆம் ஆண்டுக்கான கணிப்பில், இந்தியாவுக்கு அயலிலிருந்து வரும் பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 விழுக்காடு, மகாராட்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்த இடம். 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் உடனடிப் பணப்பரிமாற்ற முறையான பேநவ் இந்தியாவின் யூ.பி.ஐ.யோடு இணைக்கப்பட்டது. அதே ஆண்டில் சிங்கப்பூர், அமீரகம், சவூதி, அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட 10 நாடுகளின் கைபேசி எண்ணை வைத்துக்கொண்டே, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஈ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்குகளில் யூ.பி.ஐ. பயன்படுத்த வழி திறந்தது. செஞ்சி மளிகைக் கடைக்காரருக்குத் துபாயிலிருந்தே அரிசி, பருப்புக்குப் பணம் கட்டிவிடலாம்.

வேகம் கூடியதில் ஒன்று குறைந்தது. மணியார்டரின் கீழ்த்துண்டு போய்விட்டது. பணம் வந்த ஓசையைக் கைபேசி எழுப்புகிறது; அது எதற்கு, யாருக்கு எவ்வளவு என்பதைத் தனியாகப் பேசித்தான் தீர்க்க வேண்டும். அக்காவின் சீருக்கு அனுப்பியதா, கூரை மாற்ற அனுப்பியதா என்ற சண்டையை எந்தச் செயலியும் தீர்த்துவைக்காது.

கொடையிலும் ஒரு நுட்பம் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டோடு அயலில் வேலை செய்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து ஊர்க் கோயிலுக்குக் கொடுத்தால் சட்டத்தின் கண்ணில் அது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. அவரே அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தால் அதே தொகை அயல்நாட்டு நன்கொடை ஆகிவிடுகிறது. வாங்கும் அமைப்புக்கு அதற்கான பதிவு வேண்டும்; 2020இல் திருத்தப்பட்ட சட்டப்படி புதுடில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கு வேண்டும். தாத்தா வைத்த கட்டளையைத் தொடர நினைக்கும் பேரன், முதலில் தன் கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மணிலாவும் மணிலா விளையும் நிலமும்

இந்த வட்டாரத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றும் மணிலா என்றும் பெயர். கடல்கடந்து வந்த பயிர் தன்னோடு ஒரு பிலிப்பைன்ஸ் ஊரின் பெயரையும் கொண்டுவந்து இந்த மண்ணில் ஊன்றிவிட்டது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு டி.எம்.வி. என்ற முன்னெழுத்து; அது திண்டிவனத்தின் சுருக்கம். பயிர் அயலூர்ப் பெயரோடு வந்தது, விதை உள்ளூர்ப் பெயரோடு வெளியே போனது. அந்தப் பயிர் விளையும் நிலம்தான் அயலில் இருப்பவருக்கு மிகக் கடினமான வேலையைக் கொடுக்கிறது.

சட்டம் இதுதான். வெளிநாடுவாழ் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டைக்காரரும் இந்தியாவில் வீடு வாங்கலாம். விவசாய நிலம் வாங்க முடியாது. ஆனால் இந்தியாவில் வாழ்பவரிடமிருந்து வாரிசாக அடையலாம். அடைந்ததை விற்க வேண்டுமானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கலாம். ஆகவே அப்பாவின் இரண்டு ஏக்கர் கொல்லை, அயலில் வாழும்வரை மகனால் மீண்டும் வாங்க முடியாத சொத்து. விற்றுவிட்டால் திரும்பாது. விற்காமல் வைத்திருப்பதற்கு உணர்ச்சி மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

வைத்துக்கொள்வதும் எளிதில்லை. அப்பா இறந்ததும் இறப்புச் சான்று, பிறகு வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று, அதன்பின் பட்டா மாறுதல். ஒரு வாரிசு மஸ்கட்டில், இன்னொருவர் பெங்களூரில் என்றால், கையெழுத்துகள் ஒன்றுசேர ஆண்டு பல ஆகலாம். 1980 வரை கிராமத்தில் பரம்பரைக் கர்ணம் இருந்தார். யாருடைய கொல்லை எங்கே முடிகிறது என்பது அவர் நினைவிலேயே இருந்தது. அந்த நினைவே அவருடைய அதிகாரமாகவும் இருந்தது, பல ஊர்களில் அதுவே அநியாயத்துக்கும் இடம் கொடுத்தது. அந்த ஆண்டில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. தேர்வு எழுதி வரும், இடமாற்றத்துக்கு உட்பட்ட கிராம நிர்வாக அலுவலர் வந்தார். குடும்பத்தின் கதை அலுவலகத்தின் நினைவிலிருந்து போய், காகிதத்துக்கு மாறியது. காகிதம் இல்லாதவருக்கு இப்போது சாட்சி சொல்ல ஆள் குறைவு.

கணினி இதில் நிறைய உதவியிருக்கிறது. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்த்துவிடலாம். வேறொருவர் தன் சர்வே எண்ணில் பத்திரம் பதிந்திருக்கிறாரா என்று நள்ளிரவில் நியூஜெர்சியிலிருந்து சரிபார்க்க முடிவது சிறிய முன்னேற்றமல்ல. ஆனால் பார்ப்பது வேறு, செய்வது வேறு. பத்திரப்பதிவுக்கு நேரில் வர வேண்டும்; வர இயலாதவர் ஊரில் ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பேச்சுவழக்கில் “பவர்” என்று சொல்லப்படும் அந்தப் பத்திரத்துக்கும் ஒரு பயணம் உண்டு. அயலில் அதை இந்தியத் தூதரக அதிகாரி அல்லது அந்நாட்டு நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவரும் அன்றோடு செத்துவிடும். அதனால்தான் பவர் வைத்திருப்பவர் பத்திரம் பதியப் போகும்போது, கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்கிறார்கள். மகனுக்கு அது எரிச்சலாக இருக்கும். இறந்தவர் பெயரால் நிலத்தை விற்ற மோசடிகளைப் பார்த்த அலுவலகத்துக்கு அது அவசியமாகத் தெரிகிறது.

உயிர்ச் சான்று ஓய்வூதியக்காரருக்கும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அமெரிக்கா போயிருந்தால், சான்று தர வேண்டிய மாதம் வந்ததும் வீட்டில் பேச்சு அதைப் பற்றித்தான். 2014இல் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்ச் சான்று வந்தது; பின்னர் முகத்தைக் கைபேசிக்குக் காட்டியே சான்று பெறும் வசதியும் சேர்ந்தது. தூதரக அதிகாரி கையொப்பமிட்ட சான்றும் ஏற்கப்படும். பேத்தி கைபேசியைப் பிடிக்க, பாட்டி கண்ணிமைத்துத் தான் உயிரோடு இருப்பதை அரசுக்குத் தெரிவிக்கிறார்.

தேர்வடம்

மேல்சித்தாமூரில் ஆண்டுதோறும் நடக்கும் தேர்த் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் சமணக் குடும்பங்கள் வருகின்றன. தேரோட்டத்தைக் காணொளியில் பார்க்கலாம். வடம் பிடிப்பதைக் காணொளியில் செய்ய முடியாது. மூன்றாம் வகை வேலை இதுதான்: தானே வந்து நின்றாலன்றி நடக்காதது.

திருவிழாவில் சாமியைப் பார்ப்பதோடு சேர்ந்து நடப்பவை இன்னும் முக்கியமானவை. சமூகம் சிறியது, பெண் கொடுக்கவும் எடுக்கவும் வட்டம் குறுகியது. பையன் எந்த ஊர், எந்த வீடு, யார் பேரன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடம் தேர்நிழல்தான். திருமணத் தரவுத்தளங்கள் படிப்பையும் சம்பளத்தையும் சொல்லும். பையனுடைய பாட்டி எப்படிப்பட்ட மனுஷி என்பதை அதே ஊரில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தியால்தான் சொல்ல முடியும். விடுப்பெடுத்து வந்தவர் அதே வாரத்தில் செஞ்சிக்குப் போய் வட்டாட்சியர் அலுவலகத்தையும், திண்டிவனத்துக்குப் போய் வங்கியையும் பார்த்துவிட்டு, குத்தகைக்காரரிடம் கணக்கும் பேசிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார். பக்தியும் பட்டாவும் ஒரே பயணச்சீட்டில் முடிகின்றன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோயில் திருவிழாக்கள் ஒரு காலத்தில் சந்தையாகவும் பஞ்சாயத்தாகவும் இருந்தவைதானே.

ஊரில் இருப்பவர்

மூன்று வகை வேலைகளையும் அடுக்கிப் பார்த்தால் நடுவில் உள்ளதுதான் மிகப் பெரியது: ஊரில் ஓர் ஆள் இருந்தால் மட்டுமே நடப்பவை. அந்த ஆள் பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிட்ட தம்பி, கணவனை இழந்த அத்தை, பக்கத்து வீட்டுக்காரர். இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பது, மின்கட்டணம் கட்டுவது, ஆளில்லா வீட்டின் ஓட்டில் விழுந்த கிளையை அகற்றுவது, அம்மாவைப் புதுச்சேரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர் தலையில்தான். அனுப்பிய பணத்துக்கு ரிசர்வ் வங்கியிடம் கணக்கு இருக்கிறது. இந்த உழைப்புக்கு எவரிடமும் கணக்கில்லை. பெரும்பாலும் நன்றியும் இல்லை. “பணம்தான் அனுப்பறோமே” என்ற ஒற்றை வாக்கியத்தில் அது முடிந்துவிடுகிறது. ஊரில் இருப்பவர் பதிலுக்கு நிலத்தில் உரிமை கொண்டாடும்போது உறவு நீதிமன்ற வாசலுக்குப் போகிறது.

அயலகத் தமிழருக்காக அரசு நலவாரியம் அமைத்திருக்கிறது. ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறது. நல்லது. வீட்டளவில் செய்ய வேண்டியவை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பெற்றோர் இருக்கும்போதே பத்திரங்களைத் தேடி எடுத்து ஒழுங்குபடுத்துங்கள். பவர் கொடுப்பதானால் எந்த வேலைக்கு, எதுவரை என்று வரம்பிட்டு எழுதுங்கள். ஊரில் உங்களுக்காக அலையும் ஆளின் நேரத்துக்கும் பேருந்துச் செலவுக்கும் ஒரு தொகையை வெளிப்படையாகப் பேசி மாதாமாதம் கொடுங்கள். அதை உதவி என்று சொல்லாதீர்கள், கூலி என்றும் சொல்லாதீர்கள். தாயனூர் உடையார் கதை அதற்கு வேறொரு பெயரை எப்போதோ கொடுத்துவிட்டது. அடுத்த தேருக்கு வரும்போது, முதல் தாம்பூலத்தை அவர் கையில் கொடுங்கள்.